கேட்டு வரைக்கும் தள்ளிய கார்

அக்டோபர் 9, வியாழன்

என் வீட்டுக்காரர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய ரேஸ் காரை இன்று விற்றாயிற்று. வாங்க வந்த கோயம்புத்தூர்க்காரர், எங்கள் பட்டாசுக் கம்பெனியின் பின்கொட்டகையிலேயே என்ஜினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நானும் யோசிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஃபோர்மேன் மாரியப்பன் பதறிப்போய்த் தடுத்தார். "வெடிமருந்து இருக்கிற எடம்மா. மொதலாளியே கேட்டு வரைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் போவாக."

இத்தனை வருடம் பட்டாசுக்காரர் மனைவியாக இருந்தும் இதைக்கூட மறந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

திரி வெட்டும் பெண்கள் நான்கு பேர் கூப்பிடாமலே வந்து தள்ளினார்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆர்டர் முழுவதும் லோடு ஏறிய பிறகுதான் என் வீட்டுக்காரர் ரேஸுக்குக் கிளம்புவார். ஞாயிறு ராத்திரி பிள்ளைகளோடு சாப்பிட வந்துவிடுவார். வீட்டிலிருந்த நான் அவர் திரும்பி வருவதை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

கேட்டுக்கு வெளியே போனதும் கோயம்புத்தூர்க்காரர் காரை ஸ்டார்ட் செய்தார். அது உறுமிக்கொண்டு ஏழாயிரம்பண்ணை ரோட்டில் ஏறியது. தள்ளிய பெண்களில் ஒருத்தியான பாக்கியம், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பழக்கத்தில் சொன்னாள்: "மொதலாளி கெளம்பிட்டாக."

யாரும் அவளைத் திருத்தவில்லை. நானும்தான்.