சீராக வந்த நாயின் கயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

1. இதை எழுதுபவன் வெ. திருமலைச்சாமி, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றங்களில் வழக்கறிஞர்.
2. கோயம்புத்தூரில் வசிக்கும் முத்துப்பாண்டியின் தந்தை.
3. எவர் தூண்டுதலும் இன்றி, தெளிந்த அறிவோடும் மிகுந்த கோபத்தோடும் எழுதுகிறேன்.

அன்புள்ள மகன் முத்துப்பாண்டிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவது வழக்கம். நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது உன் மின்னஞ்சலிலேயே தெரிந்தது. நீயும் மாரிச்செல்வியும் மனமொத்து விவாகரத்துப் பெறுவதில் நான் குறுக்கிடவில்லை. சொத்துகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இராஜபாளையம் வீட்டைவிட்டு அவளை வெளியேற்ற நோட்டீஸ் தயாரிக்கச் சொல்கிறாய். பத்திரம் உன் பெயரில் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் கடன் தவணை இருவர் சம்பளத்திலும் கட்டப்பட்டது; அதற்குரிய பங்கை அவள் கோரலாம். நீதிமன்றம் எவ்வளவு ஏற்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. நியாயம் எது என்று கேட்டால், உறுதியாகக் கூறுவேன்: பாதி.

நகையும் பாத்திரமும் சீதனம், அவளுடையவை. அவற்றில் 'சமரசம்' பேசலாம் என்று என் மகன் எழுதியதைப் படிக்க நேர்ந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

இனி நாய்கள். வியாழனன்று, அவள் மில்லுக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்து, சினையாக இருக்கும் சிட்டுவைத் தூக்கிவர வேன் அனுப்பியிருக்கிறாய். நல்லவேளை, சோழபுரத்திலிருந்து சம்பந்தி பேச்சிமுத்து வந்திருந்தார். "ஏலே, நெறமாசமா நிக்கிற உசிர வேன்ல குலுக்கிட்டா போவீய? அப்ப நானும் வாரேன்" என்று சொல்லி, வேனுக்குள் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாராம். ஓட்டுநர் அவரைக் கெஞ்சி இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பியிருக்கிறார்.

நாய்ப்பண்ணை உன் உழைப்பு என்கிறாய். உன் கல்யாணத்தில் சீர் வைத்தபோது நான் மேடையருகே நின்றேன். பேச்சிமுத்து வெள்ளைப் பெட்டைக்குட்டியின் கயிற்றைக் கொண்டுவந்தார். நீ கை நீட்டினாய். அவர் உன்னைத் தாண்டி, மகள் கையில் கொடுத்து, "மாப்ளைக்கு மோதரம் போட்டாச்சு. இது ஒனக்குத்தாம் தாயி" என்றார். மண்டபமே சிரித்தது; நீயும் சிரித்தாய். அந்தக் குட்டி ஈன்றதுதான் சிட்டு. தாய் எவருடையதோ, குட்டிகளும் அவருடையவை. இதைச் சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை.

ஆகவே உன் வக்காலத்தை ஏற்க மாட்டேன். மாரிச்செல்விக்காகவும் ஆஜராக மாட்டேன். சாட்சி சொல்லப்போகிறவன் வழக்கறிஞராக நிற்பது முறையன்று. கயிறு எந்தக் கையில் தரப்பட்டது என்று கேட்டால், கூண்டேறிச் சொல்வேன்.

ஒன்று எஞ்சியுள்ளது. நீ கேட்டவற்றில் கார் இருக்கிறது, பீரோ இருக்கிறது, இன்னும் பிறக்காத நாய்க்குட்டிகளும் இருக்கின்றன. உன் மகள் வேதா யாரிடம் வளர்வாள், உன்னை என்றைக்குப் பார்ப்பாள் என்று ஒரு வரி இல்லை. விடுமுறைக்கு வந்தவள் இப்போது என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். பத்து வயதுப் பிள்ளை சாட்சியாக இயலாது என்று விளக்கினேன். "அப்ப ஒண்ணே ஒண்ணு எழுதுங்க தாத்தா. சிட்டு குட்டி போட்டதும் அப்பா பாக்க வரணும்" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இன்றும் வேண்டுகிறேன். இனி வேன் அனுப்பாதே. நீ வா.

(ஒப்பம்)
வெ. திருமலைச்சாமி

சாட்சிகள்:
1. தி. இசக்கியம்மாள் (உன் தாய், வாசிக்கக் கேட்டு, முழுச் சம்மதத்துடன்)
2. ஞானபாக்கியம் (அடுத்த வீடு)