பாசி என்று சொன்னேன், அத்தான்

அத்தான்,

அக்கா நேற்று, ஏரியில் ஆழமும் மீனும் பார்க்கிற உங்கள் எக்கோலொட்டை ஒரு கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார். வீட்டில் வைத்திருக்க முடியவில்லையாம். வயரின் முனையில் ஏரிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் துடைக்கத் தொடங்கியதும் அந்த மணம் எழுந்தது. துணியை வைத்துவிட்டேன். பற்றரியைப் பொருத்தியபோது திரை ஒளிர்ந்தது. ஹ்விடோவ்ரேயில், மூன்றாம் மாடியில், என் சமையலறை மேசையின்மேல் அது தண்ணீரைத் தேடியது. ஆழம் வரவேண்டிய இடத்தில் மூன்று கோடுகள் மட்டும் நின்றன.

என் விவாகரத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தனியே விடக்கூடாதென்று நீங்களும் அக்காவும் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். அக்காவுக்குப் படகில் தலைசுற்றும். அதனால் உங்களோடு மீன்பிடிக்க நான் வந்தேன். சோரோப் பக்கத்து ஏரியில் வாடகைப் படகு. பின்னால் மோட்டாரும் தூண்டிலுமாக நீங்கள், முன்னால் திரையோடு நான். கருவி அனுப்பும் ஒலி அடியில் பட்டுத் திரும்பிவந்து படமாக விழும். அதில் தெரிவதை நான் சொல்லவேண்டும். சன்டார்ட் தரையோடு ஒட்டிக் கிடக்கிற மீன். திரையில் தரை சற்றுத் தடித்திருப்பதுபோலத்தான் இருக்கும். முதல் மாதம் பாசியையெல்லாம் மீன் என்றேன்.

"மச்சாள், நினைக்கிறதைச் சொல்லாதையும். தெரியிறதைச் சொல்லும். பாசி எண்டால் பாசி. மிச்சத்தை நான் பாக்கிறன்."

தூண்டில் சிக்குகிற ஒரு மூழ்கிய மரம் இருந்தது. அந்த இடத்தைக் கருவியில் குறிக்கும்போது 'அக்கா' என்று பெயர் வைக்கச் சொன்னீர்கள். பிடித்தால் விடாதாம். அன்று மீன் பொரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் அதை நான் சொல்லிக்கொடுத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விடாமல் பிடிச்சபடியால்தான் உவர் இண்டைக்கும் சாப்பிடுறார்" என்றார்.

செப்டெம்பரில் உங்கள் கண் மஞ்சளானது. செங்கண்மாரி என்று நினைத்துத்தான் வைத்தியசாலைக்குப் போனோம். வயிற்றில் களிம்பு பூசிக் கருவியை ஓட்டியபோது, பக்கத்துத் திரையைக் காட்டி, இதுவும் எக்கோலொட்தான் என்று சிரித்தீர்கள்.

ஒரு கிழமை கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். இறைச்சித் தொழிற்சாலையில் நீங்கள் பழகிய டேனிஷ் மொழி, வைத்தியரின் பேச்சை விளங்கிக்கொள்ளப் போதாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், தங்கச்சி சொல்லுவாள் என்று அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தார். வெளியே நடையில் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கூடாததாய் இருந்தால் இவருக்குச் சொல்லிப்போடாதை. உடைஞ்சுபோயிடுவார்."

வைத்தியர் என்னைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்தே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்காவின் கை என் முழங்காலில் இருந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"அடியில என்ன மச்சாள்?"

"பாசி, அத்தான்" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். சின்னக் கட்டியாம், மருந்து தருவார்களாம், ஓய்வு வேண்டுமாம் என்று மிச்சத்தையும் நானே கட்டினேன். வைத்தியர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை முழுதாக விழுங்கினேன். நீங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் தலையசைத்தார். சொல்லியாயிற்று என்று அவர் நம்பியிருப்பார்.

ஒக்டோபரும் நவம்பரும் சன்டார்டுக்கு நல்ல மாதங்கள். ஓய்வு வேண்டுமென்று நான் சொன்ன சொல்லைக் கேட்டு, இஷொயில் உங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தீர்கள். பதிந்திருந்த படகையெல்லாம் வேண்டாமென்றீர்கள். மே மாதம் பிடிக்கத் தடை, ஜூன் முதலாம் திகதி முதல் படகு நம்முடையது என்றீர்கள். காற்றே இல்லாத ஞாயிறுகள் அந்த வருடம் எத்தனை வந்தன. யன்னலைப் பார்த்தபடி இருந்தீர்கள். பக்கத்திலிருந்து நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்போது உங்களால் நடக்க முடிந்தது, அத்தான். படகில் ஏறவும் முடிந்திருக்கும்.

மார்ச்சில் வீட்டுக்கு வந்த தாதி எளிய டேனிஷில் பேசினாள். உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா தேத்தண்ணி போட எழுந்துபோனதும் சொன்னீர்கள்.

"பாசி எண்டெல்லே சொன்னனீர்."

கோபமில்லை. ஆழம் எத்தனை மீற்றர் என்று இன்னொரு முறை சரிபார்க்கிற குரல். நான் கட்டில் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஏப்ரலில் போகும்வரை என்னோடு காலநிலையைப் பற்றி மட்டுமே கதைத்தீர்கள்.

இது ஜூன். கருவியில் நாம் குறித்த இடங்களின் பட்டியல் செப்டெம்பர் ஞாயிறு ஒன்றோடு முடிகிறது. அதற்குக் கீழே வெறும் கறுப்பு. உங்களுக்கு ஒரு நிம்மதியான குளிர்காலத்தைக் கொடுத்தோம் என்று அக்கா நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் நித்திரை கொள்கிறார். அதையும் நான் பறிக்கப்போவதில்லை. மொழிபெயர்த்து உதவச்சொல்லி யார் கேட்டாலும் நேரமில்லை என்று பொய் சொல்லிவிடுகிறேன்.

நான் விழுங்கிய வாக்கியம் இன்னும் எனக்குள் டேனிஷிலேயே கிடக்கிறது. வேலைக்குப் போகும் ரயிலில் அது வரும், பாத்திரம் கழுவும்போது வரும். ஒரு சொல்லும் மறக்கவில்லை. உங்களைப் பார்த்து அவர் சொன்னது இதுதான், அத்தான்:

"செய்ய ஆசைப்படுகிற ஏதாவது இருந்தால், அதை இந்த இலையுதிர் காலத்திலேயே செய்துவிடுங்கள். இப்போது உங்களுக்கு அதற்குப் பலம் இருக்கிறது."