நல்ல தைக்கேயின் விடுதி

தமத்ரியோஸ் மாதம், வளர்பிறை நான்கு

அதிர்ஷ்ட தேவதை தைக்கேயின் விடுதியில் இன்றும் ஆட்டுக்கறிதான். குகைக்குள் இறங்கிக் குறி கேட்கப் போகிறவர்கள் பலி இறைச்சியைத்தான் தின்ன வேண்டும். சமைப்பவள் நான். தின்பவன் என் தம்பி கபிசியாஸ். தீராத வயிற்றுவலி. பிழைப்பேனா என்று கேட்கப் போகிறான்.

"உன் சமையலைத் தின்னதுக்கு அப்புறமும் அதைக் கேக்கணுமாக்கா?" என்றான்.

"குகையில இருக்கற பாம்புக்குன்னு தேனப்பம் குடுப்பாங்க. வழியில நீ தின்னுடாதே" என்றேன்.

வளர்பிறை ஏழு

இறங்கிவிட்டான். முதலில் கால், கடைசியில் தலை.

வளர்பிறை எட்டு

பூசாரிகள் தூக்கிவந்து விடுதியில் தைக்கே சிலையின் காலடியில் கிடத்தினார்கள். குகையிலிருந்து மேலே வருகிறவர்களுக்குச் சிரிப்பு போய்விடும், சில நாளில் திரும்பும். எங்கள் லெபாடியா ஊரில் இது யாருக்குத் தெரியாது? எத்தனை பேரை நான் சிரிக்கவைத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

"என்னடா சொல்லிச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்லையாம். கிழவனாகித்தான் சாவேனாம்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தான்.

பௌர்ணமி

தலைமைப் பூசாரி நடப்பதைப் போல அவர் முன்னாலேயே நடந்து காட்டினேன். அவரே சிரித்துவிட்டார். இவன் சிரிக்கவில்லை. ஆற்றுக்குப் போகக் குடத்தை எடுத்தேன் — பிடுங்கிக்கொண்டான்.

"படி வழுக்கும்க்கா."

இத்தனை வருடம் வழுக்காத படி.

தேய்பிறை மூன்று

விடியும்போது கண் திறந்தால் என் மூக்கருகே ஒரு கை. அவன்தான்.

"என்னடா?"

"ஈ."

இந்தக் குளிரில் ஈயா?

தேய்பிறை நான்கு

அங்கே என்னதான் கேட்டுத் தொலைத்தான்? யாரைப் பற்றிக் கேட்டான்?

தைக்கேயிடம் சொன்னேன்: அவன் சிரிப்பை மட்டும் திருப்பிக் குடுத்துடு தாயே, மத்தது உன் இஷ்டம். கல் முகம் அப்படியே இருந்தது. நல்ல தைக்கே, நல்ல தைக்கே என்கிறோம். பயத்தில்தானே சொல்கிறோம்?

தேய்பிறை ஒன்பது

கபிசியாஸ் இன்று சிரித்தான்.

கொல்லனும் பன்றியும் கதையைச் சொன்னேன். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டாலே மூக்கைச் சுளிப்பான். இன்று நான் முடிப்பதற்கு முன்பே சத்தம் போட்டுச் சிரித்தான். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுக்கா" என்றான்.

சொன்னேன். பிறகு அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போய் உப்பு எங்கே, எண்ணெய் எங்கே, பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்று காட்டிக்கொடுத்தேன்.

எதற்கு என்று அவன் கேட்கவில்லை.