குறிப்பு மூன்று: அவன் விரும்பியே போனான்

4 ஜனவரி 1998, ஞாயிறு

பிப்ரவரி முதல் தேதி வாசகர் வட்டத்தில் நான் பேச வேண்டும். பொருள்: தெமிர் பெக் என்ற குமுக் பிரபு, ரஷ்யச் சக்கரவர்த்தியின் படையில் ஜெனரலாக இருந்தவன். சுருக்கம்:

1. பிறப்பு. காஸ்பியன் கடலோரச் சமவெளியில் குமுக் மக்களின் பிரபு குடும்பம். சமவெளிக்கு மேலே மலை ஊர்கள்.
2. பதவிகள். படைப் பள்ளி, கேப்டன், கர்னல், ஜெனரல்.
3. அவன் விரும்பியே போனான். எவரும் கட்டாயப்படுத்தவில்லை.
4. அந்த மலை ஊர்களை எரித்த படைக்கு அவனே தலைமை தாங்கினான்.
5. ஆகவே அவனுக்கு மன்னிப்பு கிடையாது.

மூன்று இல்லாமல் ஐந்து நிற்காது. அதனால் மூன்றை இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

முப்பத்தைந்து வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன். இருந்தும் மேடை என்றால் எனக்குப் பயம். இந்த முறை பயம் இல்லை. கோபமாக இருக்கிறேன், அதனால்தான். செத்து நூறு வருடத்துக்கு மேலான ஒருவன் மேல் இவ்வளவு கோபமா?

7 ஜனவரி

நான்காம் குறிப்பை எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

11 ஜனவரி

வட்டத்தின் செயலாளர் பூவனநாதன் வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய லேபிள் ஒட்டும் கொட்டகைதான் எங்கள் மண்டபம். கையில் அச்சடித்த நோட்டீஸ். என் பேருக்கு மேலே, இரண்டு மடங்கு பெரிய எழுத்தில்: தலைமை — கேப்டன் சோலைச்சாமி.

என் அண்ணன்.

"ஜெனரலப் பத்திப் பேசுதீய. பட்டாளம் தெரிஞ்ச மனுசன் நம்மூர்ல வேற யாரு சார் இருக்கா? ஒங்க அண்ணாச்சிட்ட கேட்டேன், ஒரே வார்த்தையில சரின்னுட்டாவ. அண்ணன் தலைமை, தம்பி பேச்சு! கூட்டம் அள்ளும்லா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "காபி சாப்பிடுங்க" என்று வந்தது. கோழை. எழுபத்திரண்டு வயதிலும் கோழை.

12 ஜனவரி

இதை ஒருமுறை ஒழுங்காக எழுதிவைத்துவிட வேண்டும்.

எட்டயபுரம் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா கிராம முன்சீப். 1941இல் அண்ணன் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தான். மறுவருடம் நாடே கொந்தளித்தது. நானும் வகுப்பைப் புறக்கணித்துப் பள்ளி வாசலில் நின்றேன், ஒரே ஒரு நாள். ஆறு பிரம்படி. அதே மாதம் வடக்கே எங்கோ இருந்து அண்ணன் கடிதம் போட்டான். அதில் ஒரு வரி: "இங்கே கூட்டத்தைக் கலைத்தோம்." எப்படிக் கலைத்தார்கள் என்று எழுதவில்லை. எழுத வேண்டுமா என்ன?

அதற்குப் பிறகு அதே சீருடையில் சுதந்திர இந்தியாவுக்கும் சேவை செய்து, கௌரவ கேப்டனாக ஓய்வுபெற்று வந்து, கோவில்பட்டியில் எனக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். கல்யாணம், கருமாதி, பொங்கல்: மற்றபடி எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் ஒருமுறையும் சத்தம் போட்டதில்லை. எல்லாம் உள்ளேயே கொதித்தது.

தெமிர் பெக்கை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டால் வரலாற்று ஆர்வம் என்பேன். பொய்.

14 ஜனவரி, பொங்கல்

வழக்கம்போல் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கரும்பைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அண்ணன் கேட்டான்: "என்னலே, ஒன் ஜெனரல் பேரு என்ன? திமிரா?"

"தெமிர்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஜெனரல்னா அது இல்லாம இருக்காது." அவனே சிரித்துக்கொண்டான்.

மதினி வேலுத்தாய் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

18 ஜனவரி

எனக்கு இருக்கும் ஆதாரம் ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம், எப்போதோ மதுரைப் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஒரு வெள்ளைக்காரப் பயணி எழுதியது. தெமிர் பெக் ஜெனரலாக ஊர் திரும்பியபோது எல்லோரும் எழுந்து நின்றார்களாம், ஆனால் விருந்தாளிக்குச் செய்வதுபோல் ஒருவரும் கைகழுவத் தண்ணீர் ஊற்றவில்லையாம். தம்பி அவன் நீட்டிய கையைத் தொடவில்லையாம். இந்த இடத்தைப் பேச்சில் நிறுத்திப் படிக்க வேண்டும்.

பின்பக்கத்துக் குறிப்புகளை இன்றுதான் சரிபார்த்தேன். பொடி எழுத்து. அந்தச் சமவெளியில் ஒரு வழக்கம்: பிரபுக்கள் அடங்கி இருப்பார்கள் என்பதற்குப் பிணையாக ஆளுக்கொரு மகனை ரஷ்யக் கோட்டையில் விட வேண்டும். தெமிர் பெக்கை அவன் தகப்பனே ஒன்பது வயதில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். இளையவனை வீட்டில் வைத்துக்கொண்டான்.

எனக்கு வந்த ஆத்திரம் அந்தத் தகப்பன் மேல் இல்லை. அந்தக் குறிப்பின் மேல்! எல்லாம் முடிந்த பிறகு வந்து என் மூன்றைக் குலைக்கிறது. கோட்டையில் விட்டால் என்ன? வளர்ந்த பிறகு அவன் ஓடி வந்திருக்கலாமே?

அந்தக் குறிப்பைப் பேச்சில் சொல்லாமல் விட்டுவிடப் போகிறேன். அந்தப் புத்தகம் இந்த ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது?

19 ஜனவரி

ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

26 ஜனவரி

பள்ளியில் அண்ணன் கொடியேற்றினான். பதக்கங்கள். கைதட்டல். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து மூன்றாம் குறிப்புக்கு மூன்றாவது கோடு போட்டேன்.

1 பிப்ரவரி, ஞாயிறு

பேசினேன். "அவன் விரும்பியே போனான்" என்ற இடத்தில் தாளிலிருந்து தலையைத் தூக்கி நேரே அண்ணனைப் பார்த்தேன்.

முடிவுரைக்கு அண்ணன் எழுந்தான். ஒரே கேள்வி.

"ஏலே தம்பி, அவன் எத்தன வயசுல போனான்?"

"தெரியல."

"வயசே தெரியாம விரும்பிப் போனாம்னு எப்படிலே எழுதுன? நீ வாத்தியாரா, சோசியனா?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பூவனநாதன் சிரித்ததுதான் தாங்கவில்லை. நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, மைக்கில்.

"நீ விரும்பித்தான போன? வெள்ளைக்காரன் சோத்துக்கு விரும்பித்தான போன?"

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தான். முழங்கால் வலியால் படியில் ஒரு கணம் நின்றான்.

இத்தனை வருடம் காத்திருந்து சொல்லிவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டுமே?

2 பிப்ரவரி

காலையில் மதினி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவிய விரும்பியா போனாவ? முன்சீப்மார் ஊருக்கு ஆறு ஆளு குடுக்கணும்னு உத்தரவாம். ஒருத்தனும் வரல. 'மொதல்ல ஒம் மவனக் கொண்டா'ன்னு ஆள் எடுக்க வந்தவன் வாசல்ல நின்னானாம். அவியளுக்குப் பதினேழு, ஒங்களுக்குப் பதினஞ்சு. வயசு எதுன்னாலும் பதினெட்டுன்னு எழுதிக்கிடுவாவளாம். மாமா ஒங்களப் பாத்தாவளாம். நீங்க மூச்சு இளைச்சிக்கிட்டு, மடியில புஸ்தகத்த வச்சிக்கிட்டு இருந்தீயளாம். அவியளக் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போய் நிறுத்திட்டாவ. சாகப் போற நேரத்துல மாமாவே எங்கிட்டச் சொல்லி அழுதாவ."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல மதினி?"

"சொன்னா நீங்க படிப்ப விட்டுருவீயன்னு மாமாவுக்குப் பயம். அவியளுக்கு அதில்ல, கோவம். 'கேக்காதவனுக்கு எதுக்குச் சொல்லணும்'பாவ. ஊரு ஒலகத்துச் சரித்திரமெல்லாம் படிச்சீயள, இந்த அம்பத்தேழு வருசத்துல ஒரு தடவ அவியள்ட்ட ஏன் போனேன்னு கேட்டீயளா?"

கேட்டதில்லை. ஆதாரம் இரண்டு தெரு தள்ளி உயிரோடு இருந்தது. நான் கேட்கவே இல்லை.

அப்பா மேல் கோபம். அவள் மேலும். ஆனால் எழுத எழுத எல்லாம் என்னிடமே திரும்பி வருகிறது.

5 பிப்ரவரி

மூன்று நாள் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். இன்று உள்ளே போனேன், புத்தகத்தோடு.

பின்பக்கத்துக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டான்.

"ஒம்போது வயசா? எங்கிட்ட தெரியலன்னு சொன்ன?"

"தெரியும். மறைச்சிட்டேன்."

"அயோக்கியப் பய." கோபமாகத்தான் சொன்னான். புத்தகத்தை வாங்கி மூடிவைத்தான். பிறகு: "நாலாவத என்ன செய்யப் போற?"

"அடிச்சிரட்டுமா?"

"அடிக்காத. நாப்பத்திரெண்டுல அந்தக் கூட்டத்தச் சுட்டது நெசம். ரெண்டு பேரு விழுந்தானுவ. நானும் சுட்டேன். எவன் குண்டுன்னு தெரியாது. அத மாத்தி எழுதாதலே."

கிளம்பும்போது கேட்டான்: "கடேசில அவன் தம்பி கையக் குடுத்தானா?"

"புத்தகத்துல இல்ல."

"ம்."

அவன் எழுந்திருக்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துத் தடுமாறினான். நான் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு எழுந்தான். உடனே விட்டுவிட்டான்.

வட்டத்தின் பதிவேட்டில் என் பேச்சுச் சுருக்கம் ஒட்டியிருக்கிறது. நாளை பூவனநாதனிடம் கேட்டு வாங்கி அதன் கீழே எழுதிக் கையொப்பமிட வேண்டும்: ஒன்று, இரண்டு, நான்கு சரி. ஐந்தை முடிவு செய்ய எனக்குத் தகுதி இல்லை. மூன்று தவறு. பேசும்போதே அது தவறென்று எனக்குத் தெரிந்திருந்தது.