நிறுத்தும் பொத்தான்

மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகும் உன்னை இப்படிக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். வேறு எப்படியும் வாயில் வரவில்லை. போனில் நீ மூச்சு விடுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. கடிதமே போதும்.

ஆறு மாதம் தாண்டாது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதை நான்கு தடவை படித்தேன். வருகிறேன். ஏப்ரல் 28-க்கு விமான டிக்கெட் எடுத்தாயிற்று. நீ கடல் தாண்டிப் போனதிலிருந்து இருபத்திரண்டு வருடமாக உனக்குச் சாக்குச் சொன்ன வாய், இந்தத் தடவை சொல்லாது.

ஆனால் பயமாக இருக்கிறது. முப்பது வருட லிஃப்ட் மெக்கானிக் நான். பதினான்காம் மாடியில் கதவைத் திறந்து கீழே எட்டிப் பார்க்கிறவன். அங்கே ஒவ்வொரு கம்பிக் கயிற்றையும் என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். விமானத்தில் எதைத் தொட்டுப் பார்ப்பது? ஐந்து மணி நேரம், ஒரு கயிறுகூட இல்லாமல் அந்தரத்தில்! சிரிக்காதே.

உன் அண்ணன்,
சிங்கம்

மார்ச் 13

அன்புள்ள சிங்கண்ணாவுக்கு,

சிரித்தேன். சத்தம் வராததால், அழுகிறேன் என்று நினைத்து உங்கள் மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்தார். வாயாடி என்றே கூப்பிடுங்கள். அதையும் பிடுங்கிக்கொண்டால் என்னிடம் என்ன மிச்சம்?

காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள். வாயில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். ஜன்னல் பக்கம் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் இதுதான் முதல் தடவை என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது வயிற்றை ஒரு பிடி பிடிக்கும், அதோடு சரி. இப்போதே கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்து பார்க்க உங்களுக்கா இடமில்லை?

நானும் பழகுகிறேன், கட்டிலிலிருந்து வாசல்வரை. ஏர்போர்ட்டுக்கு வந்தாக வேண்டுமே.

வாயாடி

மார்ச் 25

அன்புள்ள வாயாடிக்கு,

பழகிவிட்டேன்! எங்கள் கட்டிடத்து லிஃப்டில் விளக்கை அணைத்து, நாற்காலி போட்டு, எந்த மாடியிலும் நிற்காமல் மேலும் கீழும் ஓடவிட்டேன். முதல் நாள் ஏழு நிமிடத்தில் சட்டை நனைந்துபோனது. நேற்று இரண்டு மணி நேரம்!

ஏழாம் மாடி டீச்சரம்மா காய்கறிப் பையோடு கதவைத் தட்டினார். "லிஃப்ட சரிபண்றவரே உள்ள குடித்தனம் பண்ணா நாங்க எப்படிங்க ஏறுறது?"

"ப்ளேன் ஓட்டிட்டிருக்கேன் டீச்சர்!"

எனக்கு மறை கழன்றுவிட்டது என்று கட்டிடம் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

பயம் வந்தாலும் கவலை இல்லை. கை நிறுத்தும் பொத்தான் மேலேயே இருக்கும். நினைத்தால் நிறுத்திவிடலாம் அல்லவா? அந்தத் தைரியம்தான்.

சிங்கம்

ஏப்ரல் 6

சிங்கண்ணா,

முதலில் அந்தப் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். இப்படிப் பழகினால் நிறுத்தத்தான் பழகுவீர்கள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை உட்காருங்கள். எனக்காக.

ஒரு அட்டையில் "சிங்கம்" என்று பெரிதாக எழுதிவிட்டேன். கூட்டத்தில் உங்களைக் கூப்பிட எனக்கு வேறு வழி ஏது?

வாயாடி

ஏப்ரல் 30

அன்புள்ள தங்கைக்கு,

நான் வரவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

கையை மடியில் வைத்துப் பார்த்தேன். நான்கு நிமிடம்கூட முடியவில்லை. உன்னிடம் மறைத்துவிட்டேன். விமானத்தில் நீ சொன்னதெல்லாம் செய்தேன். வாயில் மிட்டாய்கூட இருந்தது. கதவு இன்னும் மூடவில்லை. கை தானாக எழுந்து தேடியது. தலைக்கு மேலே ஒரு பொத்தான் இருந்தது, அழுத்திவிட்டேன்.

பணிப்பெண் வந்தாள். "என்ன சார் வேணும்?"

தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். "நான் இறங்கணும்மா" என்றேன்.

"மூச்ச நல்லா இழுத்து விடுங்க சார். சரியாயிடும்."

மகள் வயதுப் பெண்ணிடம் அழுதுகொண்டு நின்றேன். என்னை இறக்கிவிட்டு, என் பெட்டியைத் தேடி எடுக்க நாற்பது நிமிடம் விமானத்தை நிறுத்தினார்கள். அவ்வளவு நேரமும் ஏர்போர்ட் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது ஏறு என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் செய்யவும் முகம் இல்லை.

மன்னித்துவிடு.

அண்ணன்

மே 9

அண்ணாவுக்கு,

சக்கர நாற்காலியில் வந்தேன். அட்டையை நானேதான் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் வெளியே வந்தார்கள். பிறகு பணிப்பெண்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்போதும் அட்டையை இறக்கவில்லை. தரை துடைக்க வந்தவர், "இன்னும் யாரும்மா வரணும்?" என்று கேட்டார். அட்டையைக் காட்டினேன். பாவம், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம்தான். பயந்ததற்கு இல்லை. ஒரு போன் செய்யாமல் என்னை அங்கே உட்காரவைத்ததற்கு.

இன்னொரு டிக்கெட் எடுக்காதீர்கள். இன்னொரு தடவை காத்திருக்க என் உடம்பில் தெம்பு இல்லை. எழுதவும் வேண்டாம். நீங்களே வாயாடி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை

ஜூன் 21

அன்புள்ள வாயாடிக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார். "காலைல எடுக்கிறோம் மச்சான். நீங்க அலைய வேண்டாம்" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கூடப் பிறந்த ஒருத்தியை முகம் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். இதற்கு எந்த மன்னிப்பும் கேட்க எனக்குத் தகுதி இல்லை.

போனை வைத்துவிட்டு லிஃப்டில் போய் உட்கார்ந்தேன். விளக்கை அணைத்தேன். இரண்டு கையும் மடியில். மேலும் கீழும், ஐந்து மணி நேரம். டீச்சரம்மாவுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், தட்டாமல் படியேறிப் போனார். பயம் வருமென்று காத்திருந்தேன். கடைசிவரை வரவில்லை. இன்றைக்கு என்னை எந்த விமானத்தில் ஏற்றினாலும் உட்கார்ந்துவிடுவேன், வாயாடி.

ஐந்து மணி நேரம் முடிந்ததும் கீழே வந்து நின்றேன். கதவு திறந்தது. வாசலில் யாரும் இல்லை.

உன் அண்ணன்