வண்ண அட்டைகளின் பின்பக்கம்

மார்ச் 4, இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். குளியலறை விளக்கைப் போட்டு, வாஷிங் மெஷின் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதீர்கள்.

அம்மாவை அங்கே அழைத்துக்கொள்ளும் விசாவுக்காக நீங்கள் அனுப்பிய வெற்று ரசீதுப் புத்தகம் வந்தது. உங்கள் எழுத்து கோழி கிண்டியது போல இருக்குமாம். அதனால் பன்னிரண்டு மாதமும் நீங்கள் ஒரே தொகை கூலி வாங்கியதாக நான் எழுத வேண்டுமாம். மாதாமாதம் ஒரே வருமானம் இருந்தால்தான் நம்புவார்கள் என்று ஏஜென்ட் சொன்னாராம். வீடு வீடாகப் போய்ப் பெயின்ட் அடிப்பவருக்கு ஏது மாதச் சம்பளம் என்று கேட்டேன். "பெரியவங்க பேச்சுல மூக்கை நுழைக்காத" என்றாள் அம்மா.

நான் எழுத மாட்டேன் அப்பா. பொய் என்று தெரிந்தால் அம்மாவை என்றைக்குமே விடமாட்டார்கள். அம்மா கிளம்பினால், பரீட்சை முடியும்வரை நான் சித்தி வீட்டில் தனியாக இருக்க வேண்டும். அந்தப் பயம் ஒரு பக்கம். ஆனாலும் அவள் உங்களிடம் வர வேண்டும். உண்மையைச் சொல்லி வர வேண்டும்.

உங்கள் மகள்

மார்ச் 15

என் வக்கீலம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உனக்கு வாய் நீளம், உன் அம்மாவைப் போல.

எனக்கு ஒரு மாதம் கொட்டும், ஒரு மாதம் காயும். அதை எந்த அதிகாரி ஒப்புக்கொள்வார்? கணக்குப் புத்தகம் எங்கே என்று ஏஜென்ட் கேட்டார். நான் எங்கே கணக்கு வைத்தேன்? உன் அம்மா முகத்தைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. நல்ல பிள்ளையாக எழுதி அனுப்பு.

இந்த வார வண்ண அட்டை இத்துடன். இளம்பச்சை. ஒரு பல் டாக்டர் வீட்டுக் கூடம்.

அப்பா

மார்ச் 26, இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கணக்கு என் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

எனக்கு நிறம் பார்க்கப் பிடிக்கும் என்று, ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்த வீட்டு ஷேடு கார்டை அனுப்புவீர்களே, அதன் பின்பக்கம் நீங்களே பென்சிலில் எழுதியதை மறந்துவிட்டீர்களா? எந்தத் தெரு, யார் வீடு, எத்தனை சுவர், என்ன கூலி, எந்தத் தேதி. ஒரு வருடத்துக்கு முப்பத்தெட்டு அட்டைகள். வங்கியில் பணம் போட்ட நாட்களோடு ஒத்துப்பாருங்கள். கணக்கையெல்லாம் எனக்கு விளையாட்டுச் சாமானாக அனுப்பிவிட்டு, இல்லை என்கிறீர்கள்.

ஆனால் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒன்றுகூட இல்லை. மூச்சுவிட நேரமில்லாத வேலை என்று அம்மாவிடம் சொன்னீர்களே, அதே இரண்டு மாதம். என்ன ஆயிற்று? சொல்லாமல் அட்டைகளை அனுப்ப மாட்டேன். ரசீதுப் புத்தகத்தை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டேன். விடிந்ததும் அம்மா பார்ப்பாள். அடிக்கட்டும்.

உங்கள் மகள்

ஏப்ரல் 7

என் கண்ணுக்கு,

ஏணி சறுக்கிவிட்டது. வலது மணிக்கட்டு. ஏழு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். அப்போது வீட்டுக்கு அனுப்பிய பணம் முன்பே சேர்த்து வைத்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு பெட்டியில்தான் கிடக்கிறது. இப்போது கை நன்றாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லாதே. தாங்கமாட்டாள்.

அப்பா

ஏப்ரல் 18, பகல் மூன்று மணி

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். அதனால்தான் வெளிச்சத்தில், மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரில் அம்மா இருக்கிறாள்.

ரசீதுப் புத்தகத்துக்காக முதுகில் ஒன்று வாங்கியது பழைய கதை. நேற்று உங்கள் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். அழவில்லை. அட்டைகளை மாதம் மாதமாகத் தரையில் அடுக்கினாள். இரண்டு இடம் காலியாக இருந்தது. அங்கே உள்ளங்கையை வைத்தாள். பிறகு, "அந்த ஏழு வாரமும் யாரு சோறு பிசைஞ்சு குடுத்தாங்கன்னு கேளு" என்றாள்.

கேட்கிறேன். பதில் எழுதுங்கள், அம்மாவுக்கு.

ஏஜென்ட் வேண்டாமாம். அந்தக் காலி இடத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கச் சொல்கிறாள். "இல்லன்னா இல்லன்னு அதிகாரி சொல்லட்டும். இதே அட்டையோட மறுபடியும் போய்க் கேப்போம்."

முப்பத்தெட்டும் இத்துடன் அனுப்புகிறேன். அதிகாரி பார்த்து முடித்ததும் எனக்குத் திருப்பி வேண்டும். இனி வேலை இல்லாத மாதத்துக்கும் ஒரு அட்டை அனுப்புங்கள். வெறும் வெள்ளை போதும்.

உங்கள் மகள்