கட்டிலில் ஒட்டின ஸ்டிக்கர்

வியாழன், ஆடி மாசம், ராத்திரி

படுத்தும் தூக்கம் வரலை. வார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து, ஊசி போடுறதுக்கு முன்னாடி பேஷண்ட்டோட கைப்பட்டையை ஸ்கேன் பண்ணணும். ஆள் சரின்னா திரையில் பச்சை வரும். பட்டை ஈரமாயிட்டா ஸ்கேன் ஆகித் தொலையாது. அதனால நாங்க நர்ஸுங்க பட்டையில இருக்குற அதே ஸ்டிக்கரை இன்னொண்ணு எடுத்து அவங்கவங்க கட்டிலில் ஒட்டிட்டோம். கட்டிலை ஸ்கேன் பண்ணி, பச்சையைப் பார்த்து, போட்டுட்டுப் போய்க்கினே இருப்போம்.

இன்னைக்குச் சாயங்காலம் ஜன்னலோரக் கட்டிலுக்கு இன்சுலின் எடுத்துக்கினு போனேன். பச்சை வந்துச்சு. அந்தம்மா கையை இழுத்துக்கினாங்க.

"எனக்கு ஏது சிஸ்டர் சக்கரை? அது பக்கத்து கட்டில் அக்காவுக்கு. கோபுரம் பார்த்துக்கினு படுக்கலாம்னு நேத்தே அவங்ககிட்ட கேட்டு மாத்திக்கினேன்."

காலையில அந்தக் கட்டிலுக்கு இன்சுலின் போட்டதும் நான்தான். என்ன ஊசின்னு அவங்களும் கேக்கலை, நானும் சொல்லலை. சக்கரை இருக்குற அந்த அக்காவுக்குக் காலையில ஊசியே போகலை.

"காலையில ஊசி போட்டப்புறம் வேர்த்து ஊத்திடுச்சு. சக்கரை தூக்கலா ஒரு காபி குடிச்சேன், சரியாயிடுச்சு"ன்னு சிரிக்கிறாங்க.

கிளம்பும்போது நைட் டூட்டிப் பொண்ணுகிட்ட, "ரெண்டு பேருக்கும் சுகர் பார்த்துக்கினே இரும்மா, ஏதாவதுன்னா உடனே போன் பண்ணு"ன்னேன்.

"ஏன்க்கா, கம்ப்யூட்டர்ல எல்லாம் கரெக்டாதானே இருக்குது?"ன்னா.

பையை எடுத்துக்கினு கிளம்பிட்டேன்.

போன் தலையணை பக்கத்திலேயே கிடக்குது. அது அடிக்கக் கூடாதுன்னு காமாட்சியை வேண்டிக்கினே, சார்ஜ் இருக்குதான்னு மறுபடியும் பார்க்குறேன்.